கறுப்புப் பூச்சு

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றும் விரிசல். காலையில் ஓட்டிய ரோலிலிருந்து ஒரு முழம் வெட்டி, மடித்து மடித்துப் பார்த்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் கறுப்புப் பூச்சு உடைந்து, அடியில் ஜீன்ஸ் துணியின் நீலம் தெரிந்தது. வெள்ளைத் துணியால் தேய்த்தால் கரியாய் ஒட்டுகிறது.

தனசேகர் சார் லேப் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாணி, துணி வாங்கற பையர் கேக்கறது தோல் மாதிரி மின்னற ஜீன்ஸ். நீ குடுக்கறது செவுத்துல அடிச்ச சுண்ணாம்பு மாதிரி உதிருது. இன்னும் எத்தன தடவைம்மா?"

"தண்ணிப் பசைல இவ்வளவுதானுங்க சார் வருது. சூடு கொஞ்சம் ஏத்திப் பாக்கறேனுங்க."

"அடுத்த மாசம் இதே மாதிரி வந்துச்சுன்னா யூனிட்டப் பூட்டிட்டு எல்லாரும் ஊட்டுக்குப் போகலாம்."

எங்கள் வேலை வெளியிலிருந்து பார்த்தால் எளிது. ஜீன்ஸ் துணியின் மேல் பசையைக் கத்தி போன்ற தகட்டால் சீராக இழுத்துப் பூசி, நீளமான சூட்டு அறைக்குள் விட்டுக் காயவைப்பது. பசையைக் கலக்குவதும், காய்ந்த துணியைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதும் நான். மெஷினில் நின்று பசையை ஊற்றித் தகட்டைத் துடைப்பது என் கொழுந்தன் சென்னியப்பன். நான் சொல்லித்தான் அவனுக்கு இந்த வேலை கிடைத்தது. யூனிட் பூட்டினால் ஒரே காம்பவுண்டில் இரண்டு அடுப்பு அணையும்.

வரும் வழியில் மகள் தன்யாவுக்குக் கலர் பென்சில் வாங்கினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

புதுப் பசை வந்துவிட்டது. ஆறு நீல டிரம்கள். பெயர் ஒட்டிய தாளைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். சாம்பிள் டப்பாவோடு மட்டும் நான்கு பக்கத் தாள் ஒன்று இருந்தது. எடுக்க மறந்திருப்பார்கள்.

இது தண்ணீரில் கரைத்த பசை இல்லை. கரைப்பான் டைமெத்தில் ஃபார்மமைடு. கல்லூரி லேபில் சுருக்கமாக டி.எம்.எஃப். என்போம். மூடியைத் திறந்தால் லேசாக மீன் வாடை.

தாளைப் படித்தேன். தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்குமாம். கல்லீரலைக் கெடுக்குமாம். இதில் வேலை செய்கிறவர்கள் மது குடித்தால் முகமும் மார்பும் சிவந்து படபடப்பு வரும் என்று ஒரு வரி. ரப்பர் கையுறை, மூடிய இயந்திரம், காற்றை உறிஞ்சும் குழாய் என்று ஒரு பட்டியல்.

இதெல்லாம் சட்டத்துக்காக எழுதுவது. கொசுவர்த்திச் சுருளிலும்தான் எழுதியிருக்கிறார்கள். தாளை மேசை இழுப்பறையில் அடியில் வைத்தேன்.

"சார், இது என்ன பசைன்னு ஆளுகளுக்குச் சொல்லிரலாமுங்களா?"

"தண்ணிப் பசைதாம்மா. புது ரகம். அப்படியே சொல்லு."

அப்படியே சொன்னேன்.

ஆகஸ்ட் 20, புதன்

விரிசல் இல்லை. நூறு தடவை மடித்தும் இல்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

துணி அவ்வளவு அழகாக வருகிறது. விளக்கடியில் பிடித்தால் மழையில் நனைந்த தார் ரோடு மாதிரி மின்னுகிறது. சார் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். சென்னியப்பன் ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "அண்ணி, இதுல எனக்கொரு ஜாக்கெட் தச்சுக் குடுங்க, மாமனார் ஊட்டுக்குப் போட்டுட்டுப் போறேன்" என்றான்.

அவர்கள் போடுவது நூல் கையுறை. பசையில் ஊறிக் கனத்துப் போகிறது. தகட்டைத் துடைக்கும்போது இடைஞ்சல் என்று கழற்றிவிட்டு வெறும் கையால் துடைக்கிறார்கள். ரப்பர் கையுறையைப் பற்றி சாரிடம் கேட்டேன். வாங்கலாம் என்றார். உறிஞ்சு குழாயைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்க முடியாது.

சாயங்காலம் தன்யா மடியில் வந்து விழுந்தவள் எழுந்துவிட்டாள். "அம்மா, உம்மேல மீனு நாத்தம்."

குளித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

வெளிநாட்டு பையருக்குச் சோதனைக்கூடத்தின் சான்றிதழ் வேண்டும். துணியில் என்னென்ன ரசாயனம் மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். சார், ஜூலை மாதத்து ரோலிலிருந்து சாம்பிள் வெட்டச் சொன்னார். தண்ணிப் பசை ரோல். வெட்டினேன். உறையில் புது ரோலின் எண்ணை எழுதினேன். கையெழுத்து.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாச் சோற்றை அப்படியே கொண்டுவந்து நாய்க்குப் போட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காங்கயம் பக்கம் குலதெய்வக் கோயிலில் பங்காளி வீட்டுக் கிடா விருந்து. வேனில் எல்லோரும் போனோம். என் வீட்டுக்காரர் குமரவேல்தான் ஓட்டினார்.

சென்னியப்பன் குடியை விட்டு ஒரு வருடம் ஆகிறது. அவன் மாமனார் ராக்கியப்பன், "இனித் தொட்டீங்கன்னா எம்பொண்ணக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகு விட்டது. இன்று பங்காளி ஒருவன் விடாமல் பிடித்து இழுத்து, மரத்தடியில் அரை டம்ளர் பீர் குடிக்கவைத்துவிட்டான்.

பத்து நிமிஷம் இருக்கும். முகம், காது, கழுத்து எல்லாம் வேகவைத்த மாதிரி சிவந்துவிட்டது. சட்டைப் பொத்தானைத் திறந்தான். மார்பிலும் சிவப்புத் திட்டு. "படபடன்னு அடிக்குதுங்கண்ணா" என்று குமரவேலின் கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். "அரை டம்ளருக்கே இப்படியா? ஒரு வருசம் பட்டினி போட்டா இப்படித்தான்."

அவன் மனைவி சுலோசனா சிரிக்கவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றினாள். சாயங்காலம் திட்டு மறைந்துவிட்டது.

நல்ல வெயில். கறி வேறு காரம். வெயிலாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 15, திங்கள்

வெயில்தான்.

செப்டம்பர் 22, திங்கள்

பிபின் ஊருக்குப் போகிறான். ஒடிசாப் பையன், சென்னியப்பனுக்கு எதிர்ப்பக்கம் தகட்டைப் பிடிப்பவன். பத்து நாளாக வாந்தி, வயிற்று வலி. மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சூப்பர்வைசர் சொன்னார். அவன் லேப் கதவைத் தட்டி, "மேடம், கேஸ் மாத்திரை இருக்கா?" என்று கேட்டான். என் பையில் இருந்தது. எனக்கும் வலது விலாவுக்குக் கீழே ஒரு வாரமாக வலி. நேரத்துக்குச் சாப்பிடாததால் வாயு. ஒரு பட்டை முழுவதையும் கொடுத்தேன்.

அவன் கண்ணைப் பார்க்கவில்லை. வெளிச்சம் அவனுக்குப் பின்னால் இருந்தது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. தகட்டுக்குப் பொட்டு வைக்கும்போது சென்னியப்பனின் கைகளைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் வழவழவென்று இருக்கிறது.

"கை என்னாச்சு?"

"பசை பட்டுப் பட்டு இப்படி ஆயிருச்சுங்கண்ணி. எரிச்சலெல்லாம் இல்லீங்க. பசிதான் எடுக்க மாட்டீங்குது. சோத்தப் பாத்தாலே கொமட்டுது."

ரப்பர் கையுறை வாங்கித் தருகிறேன் என்றேன். வரும் வழியில் என் காசில் நான்கு ஜோடி வாங்கினேன். மறுநாளே பசையில் உப்பிக் கிழியக்கூடிய ரகம் என்று எனக்குத் தெரியும். கடையில் வேறு இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

கொழுந்தன் வீட்டில் சத்தம். சுவர் ஒன்றுதான் நடுவில் என்பதால் எல்லாம் கேட்கிறது.

ஒரு வாரமாக அவன் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தால் முகம் சிவந்துவிடுகிறதாம். பீர் குடித்த அன்று வந்த அதே சிவப்பு. ஒளித்துவைத்துக் குடிக்கிறான் என்று சுலோசனா பெட்டி, பரண், வண்டி சீட்டுக்கு அடியில் எல்லாம் தேடியிருக்கிறாள்.

"சத்தியமா இல்ல சுலோ. வாய மோந்து பாரு."

"மோந்தா அரிஷ்ட வாசம்தான் அடிக்குது. அத வெச்சு மறைக்கறீங்க."

அவன் பசிக்கவில்லை என்றதால், அவளே நாட்டு மருந்துக் கடையில் அரிஷ்டம் வாங்கி, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மூடி ஊற்றிக் கொடுக்கிறாள்.

அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது. அதில் சாராயச் சத்து உண்டு. வேதியியல் படித்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுவருக்கு இந்தப் பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். ஒரே தட்டை ரொம்ப நேரம் துலக்கியிருக்கிறேன். குமரவேல் வந்து குழாயை மூடினார்.

அக்டோபர் 9, வியாழன்

காலையில் சுலோசனா துணி துவைக்கும் கல்லருகே வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, நீங்க ஒரே எடத்துல வேல செய்யறீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது. அவரு குடிச்சுப்போட்டு வர்றாருங்களா?"

"நான் பாக்கல சுலோ."

"முகம் ஏன் அப்படிச் செவக்குதுங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் உள்ளே போய்த் தன் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். மத்தியானம் ராக்கியப்பன் மொபெட்டில் வெள்ளகோவிலிலிருந்து வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வேலையில் இருந்தேன். சென்னியப்பனும் மெஷினில் இருந்தான். வீட்டுக்கு வந்துதான் பார்த்தான்.

நான் சொன்னது பொய்யில்லை. அவன் குடித்து நான் பார்க்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். கையில் எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று நாள் முழுவதும் யோசித்தேன். என்ன பசை என்று கேட்பார்கள். எப்போது தெரியும் என்பார்கள். சோதனைக்குப் போன சாம்பிளில் யார் கையெழுத்து என்பார்கள். போலீஸ் ஜீப் காம்பவுண்டுக்குள் வருவதும், தன்யா வாசலில் நின்று பார்ப்பதும் கண்ணுக்குள் வந்துகொண்டே இருக்கின்றன.

அக்டோபர் 17, வெள்ளி

சென்னியப்பனின் கண் மஞ்சள்.

காலையில் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். வெள்ளை விழி முழுவதும் மஞ்சள். கையிலிருந்த பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

குமரவேல் அவனை நாட்டு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கவைத்தார். "குடிச்சுக் குடிச்சு ஈரலக் கெடுத்துக்கிட்டான்" என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது அழுதார்; இதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"குடிக்கலீன்னு சொல்றாரே" என்றேன்.

"எவன் ஒத்துக்குவான்?"

அக்டோபர் 18, சனி

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. காலையில் எழுந்தபோது அவனுக்குச் சட்டையை எப்படிப் போடுவதென்று தெரியவில்லை. கையை எந்தப் பக்கம் விடுவது என்று சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்படியே தூக்கி வேனில் போட்டுக்கொண்டு போனோம்.

டாக்டர் யாமினி. என் வயதுதான் இருக்கும்.

"எவ்வளவு நாளா குடிக்கறாரு?"

"ஒரு வருசம் விட்டிருந்தானுங்க. இப்ப மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்" என்றார் குமரவேல்.

கட்டிலில் கிடந்தவன் கண்ணைத் திறக்காமல், "குடிக்கலீங்க" என்றான். டாக்டர் எழுதிக்கொண்டார். வைரஸ் மஞ்சள்காமாலையா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் கல்லீரல் நொதி இருக்கவேண்டிய அளவைவிட நாற்பது மடங்கு ஏறியிருக்கிறதாம். நினைவு தப்பினால் கஷ்டம் என்றார்.

"என்ன வேல செய்யறாரு?"

"ஜீன்ஸ் துணிக்குக் கோட்டிங் போடற கம்பெனிங்க."

"என்ன கெமிக்கல்?"

குமரவேல் என் பக்கம் திரும்பினார். "இவதானுங்க அங்க லேப்ல இருக்கறா."

"தண்ணிப் பசைங்க" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது.

அக்டோபர் 19, ஞாயிறு

வைரஸ் இல்லை என்று முடிவு வந்தது. அவன் என்னைப் பார்த்து, "அம்மா" என்றான். அவன் அம்மா, என் மாமியார், இறந்து ஆறு வருடம் ஆகிறது.

பதினொரு மணிக்கு சார் போன் செய்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பேசினேன்.

"எப்படிம்மா இருக்கான்? செலவப் பத்திக் கவலைப்படாத, நான் பாத்துக்கறேன். டாக்டரு ஏதாச்சும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க சார். தண்ணிப் பசைன்னு சொல்லிட்டேன்."

"நல்ல பொண்ணு. அப்படியே இருக்கட்டும். டெஸ்டுக்குப் போன துணில உன் கையெழுத்துதான் இருக்குது. நாளைக்கு ஒரு பிரச்சனைன்னா மொதல்ல உன்னத்தான் கூப்புடுவாங்க. உனக்கும் ஒரு பொண்ணு இருக்குதில்ல, அதுக்காகச் சொல்றேன்."

அவர் மிரட்டவில்லை. அக்கறையாகத்தான் பேசினார். போனை வைத்த பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஆயா வந்து, "பார்வையாளர் பாஸ் வாங்கிட்டு வந்தவங்களா?" என்று கேட்டு வழியை விடச் சொன்னாள்.

சுலோசனா வரவில்லை. குமரவேல் நான்கு தடவை கூப்பிட்டார். ராக்கியப்பன் எடுத்து, "குடிகாரனப் பாக்க எம்பொண்ணு வரமாட்டா" என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

காலை ஏழரை மணிக்கு டாக்டர் வந்தார். வெளியே சரம் சரமாக வெடி. ஒவ்வொரு சத்தத்துக்கும் சென்னியப்பனின் உடம்பு தூக்கிப்போட்டது. கண் மட்டும் திறக்கவில்லை.

"காரணம் தெரியாம வைத்தியம் பண்றது கஷ்டமா இருக்கு" என்று டாக்டர் குமரவேலிடம் சொன்னார். "குடிதான்னா இந்த மாதிரி திடீர்னு வராது. ரத்தத்துல வந்த அளவும் பொருந்தல. அவர் என்ன தொட்டாரு, என்ன சாப்பிட்டாருன்னு யாராவது சொன்னாத் தேவல. நாளைக்குள்ள நினைவு திரும்பலைன்னா கல்லீரலையே மாத்தறதப் பத்திப் பேச வேண்டியிருக்கும்."

அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். நான் பின்னாலேயே போனேன். அவர் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தேன். இப்படி யாரையும் இழுத்ததில்லை.

"டைமெத்தில் ஃபார்மமைடுங்க."

"என்னது?"

"டி.எம்.எஃப். டாக்டர். பசையில இருக்குது. ரெண்டு மாசமா வெறுங்கையில தொடறாரு. சாயங்காலம் அரிஷ்டம் குடிச்சா முகம் செவக்குது. அவரு குடிக்கறதில்லீங்க. முந்தாநேத்து நான் பொய் சொன்னேன்."

டாக்டர் திட்டவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ ஊசியின் பெயரைச் சொன்னார். எத்தனை பேர் அந்த மெஷினில் என்று கேட்டார். எட்டுப் பேர் என்றேன். "உங்களையும் சேத்தா?" என்றார். அப்போதுதான் என்னைச் சேர்த்தேன். ஒன்பது.

திரும்பினால் குமரவேல் நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வெளியே போனார்.

அக்டோபர் 21, செவ்வாய்

டாக்டர் அந்தத் தாளைக் கேட்டார். அதில் வேறு ஏதாவது கலந்திருந்தால் தெரியவேண்டுமாம். யூனிட்டுக்கு இன்றும் தீபாவளி விடுமுறை. குமரவேல்தான் வேனை எடுத்தார். பல்லடம் தாண்டிய பிறகு, "அவனக் குடிகாரன்னு நானே என் வாயால சொன்னேன் வாணி. நீ பக்கத்துல நின்னுட்டிருந்த" என்றார். அவ்வளவுதான்.

வாட்ச்மேன் தெரிந்தவர். லேப்பைத் திறந்துவிட்டார். இழுப்பறையில் தாள் இருந்தது. ஒரு சின்னப் பாட்டிலில் பசையையும் ஊற்றிக்கொண்டேன். அவசரத்தில் பாதி மேசையில் சிந்தியது. வெளியே கார் சத்தம். வாட்ச்மேன் போன் செய்திருக்க வேண்டும்.

தனசேகர் சார் புது வேட்டியில், நெற்றியில் விபூதியோடு வாசலை மறித்து நின்றார்.

"அதக் குடும்மா."

நான் தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். சிறுநீர் வந்துவிடும்போல இருந்தது.

"வாணி, இத்தன பேரு பொழப்புல மண்ணப் போடாத. அவன் பொழச்சுக்குவான். நான் அமெரிக்காவுக்கே அனுப்பி வைத்தியம் பண்றேன்."

"டாக்டரு இன்னைக்கே கேக்கறாங்க சார்."

"உள்ள போயிருவம்மா நீ. புரியுதா?"

"புரியுதுங்க சார்."

அவர் கையை நீட்டினார். குமரவேல் அவருக்குப் பின்னால் வந்து நின்று, "தள்ளுங்க சார், என் தம்பி அங்க கெடக்கறான்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சார் நகர்ந்தார்.

அக்டோபர் 24, வெள்ளி

இன்று சென்னியப்பன் குமரவேலைப் பார்த்து, "அண்ணா, தண்ணி" என்றான். கல்லீரலை மாற்ற வேண்டியதில்லை என்கிறார் டாக்டர்.

மெஷினில் வேலை செய்த மற்றவர்களை வரவழைத்து ரத்தம் எடுத்தார்கள். மூன்று பேருக்குக் கல்லீரல் நொதி கூடியிருக்கிறது. எனக்கும். விலாவுக்குக் கீழே இருந்தது வாயு இல்லை. அந்தப் பசையின் பக்கமே போகாமல் இருந்தால் சரியாகிவிடும் என்றார்.

பிபினின் எண்ணுக்குப் போன் செய்தேன். அவன் அண்ணன் எடுத்தான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், தம்பியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, இந்தப் பெயரை டாக்டரிடம் சொல் என்று எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்டினான். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "படுத்தே இருக்கான் மேடம், கண்ணு மஞ்சளா இருக்கு" என்றான். அதற்கு மேல் கேட்கத் தைரியம் வரவில்லை.

நவம்பர் 3, திங்கள்

தொழிற்சாலை ஆய்வாளர் யூனிட்டுக்கு சீல் வைத்துவிட்டார். அவர் அலுவலகத்தில் மூன்று மணிநேரம். சாம்பிளை மாற்றியதையும் சொன்னேன். அதை அவர் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி, "இதையும் எழுதணுமாம்மா?" என்றார். எழுதுங்க என்றேன். வழக்கு வரும், வக்கீல் பார்த்துக்கொள் என்றார்.

வீட்டுக்கு வந்தால் சுலோசனா நிற்கிறாள். குமரவேல் வெள்ளகோவிலுக்கே போய்ச் சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் புருஷனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"எப்பருந்து தெரியுமுங்க அக்கா?"

நேற்றிலிருந்து என்று சொல்லலாம். தீபாவளியிலிருந்து என்று சொல்லலாம். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது?

"ஆகஸ்ட் பத்தொம்பது. பசை வந்த அன்னைக்கே."

"நான் கல்லுக்கிட்ட வந்து கேட்டனே, அன்னைக்கு?"

"அன்னைக்கும் தெரியும்."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. "எங்கையால ஊத்திக் குடுத்தனுங்க அக்கா, தெனமும். அந்த அரிஷ்டத்தையாச்சும் நிறுத்துடின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். உள்ளே போய்விட்டாள். இனி அவள் என்னோடு பேசமாட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

சென்னியப்பன் வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகிறது. பாதி ஆளாக இருக்கிறான். நேற்று என்னைக் கூப்பிட்டுவிட்டான். கட்டிலருகே போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்கண்ணி. நீங்க ஒண்ணு பண்ணோணும். எம் மாமனார் ஊட்டுக்கு வந்து, நான் குடிக்கலீன்னு சொல்லோணும். அவிய சொந்தக்காரங்க எல்லாரும் இருக்கறப்ப. அண்ணன் சொன்னா தம்பிக்காகச் சொல்றான்னு நெனைப்பாங்க. சுலோ சொன்னா புருசனுக்காகன்னுவாங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. உங்களுக்கு அதுல நட்டந்தான் இருக்குது."

ஆய்வாளர் முன்னால் பேசியதைவிட இது பயமாக இருந்தது.

இன்று காலை பதினொரு மணிக்கு வெள்ளகோவில் போனோம். ராக்கியப்பன் வீட்டு முன்வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள். பதினைந்து இருபது பேர். சுலோசனா ஏற்கெனவே சொல்லி வரவழைத்திருக்கிறாள். அவள் தூணோரம் நின்றாள். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. சென்னியப்பனுக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள்.

"என்னமோ சொல்லோணும்னீங்களாம்" என்றார் ராக்கியப்பன்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குமரவேல் வேனிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துவந்து கொடுத்தார். தீபாவளிக்குப் பிறகு அவர் என் கையில் கொடுத்த முதல் பொருள். குடித்தேன்.

"சென்னியப்பன் குடிக்கலீங்க. கிடா விருந்துல ஒருத்தரு கட்டாயப்படுத்திக் குடுத்த அரை டம்ளரத் தவிர ஒரு வருசமா ஒண்ணும் தொடலீங்க. முகம் செவந்தது நாங்க துணிக்குப் பூசற மருந்தால. அந்த மருந்து ஒடம்புக்குள்ள எறங்குனவங்க அரிஷ்டம் குடிச்சாக்கூடச் செவக்கும். ஈரல் கெட்டதும் அதனாலதான். அந்த மருந்த நான்தான் கலக்கிக் குடுத்தேன். என்ன ஆகும்னு தாள்ல படிச்சேன். தெரிஞ்சுதான் இருந்தேன். உங்க பொண்ணு வந்து கேட்டப்பவும் தெரியாதுன்னேன்."

பின்வரிசையில் ஒரு அம்மாள், "அடிப் பாவி" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது. சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. சுலோசனா தூணை விட்டு வந்து அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ராக்கியப்பன் எழுந்து மருமகனிடம் போனார். தன் தோள் துண்டை எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அறைவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏம்மா அப்பவே சொல்லல? பயமா?"

"ஆமாங்க."

"இப்ப?"

"இப்பவும்தானுங்க."

அவர் உள்பக்கம் திரும்பி, ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.